ரெட்டைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம்

ஐயையோ, அந்தக் கதவைச் சாத்திடாதீங்கம்மா! கையை எடுங்க, மொதல்ல கையை எடுங்க. ஆங், அப்படியே விட்டுட்டு வாங்க.

பயந்துட்டீங்களா? ஒண்ணுமில்ல, உக்காருங்க. இப்பல்லாம் அது நல்லாத்தான் தொறக்குது. இருந்தாலும் நான் பக்கத்துல இல்லாம அதை யாரும் தொடக்கூடாதுன்னு வெச்சிருக்கேன். வாடகைக்கு விடற கீழ் போர்ஷனை எங்க வீட்டுக்காரர்தான் சுத்திக் காட்டுவார். மோட்டார் மெக்கானிக்கைக் கூட்டிட்டு வரேன்னு போனார், இப்ப வந்துடுவார். அதுக்குள்ள ஒரு வாய் காபி? வேண்டாமா. மோர்? அதுவும் வேண்டாமா. சரி, அப்ப கதவு கதையையாவது கேளுங்க. குடி வந்தப்புறம் தெருவுல யாரோ சொல்லி நீங்க தெரிஞ்சுக்கறதுக்கு நானே சொல்லிடறேன். எங்க கதவைப் பத்தி இந்தத் தெருவுல ஆளுக்கு ஒண்ணு சொல்வாங்க. அயர்ன்காரர் ஏகாம்பரம் ஒரு மாதிரி சொல்வார். எதிர் வீட்டு புஷ்பராணி டீச்சர் வேற மாதிரி சொல்வாங்க. நடந்தது என்னன்னு எனக்குத்தாம்மா தெரியும். நான்தானே உள்ள இருந்தேன்.

உங்களுக்குக் கல்யாணம் ஆகி எவ்வளவு நாளாச்சு? ஆறு மாசமா. அப்ப உங்களுக்கு இன்னும் ஒண்ணும் ஆரம்பிச்சிருக்காது.

ஏர்போர்ட்டை ஒட்டின இந்தப் பொழிச்சலூருக்கு வீடு பாக்க வர்றவங்க எல்லாரும் மொதல்ல கேக்கறது பிளேன் சத்தத்தைப் பத்தித்தான். மொட்டை மாடிக் கொடியில காயற துணியைத் தொட்டுட்டுப் போற மாதிரிதான் போகும். நாங்க பாதி ஆயுசை அதோடதான் ஓட்டினோம். பேசிட்டே இருப்போம், பிளேன் வந்துச்சுன்னா பேச்சை அப்படியே நிறுத்திடுவோம். அவர் “இந்தச் சாம்பார்ல”ன்னு ஆரம்பிச்சு, சோத்தைக் கையில வெச்சுக்கிட்டு உக்காந்திருப்பார். அது போனப்புறம் “உப்பு கம்மி”ன்னு முடிப்பார். சண்டையும் அப்படித்தான். நடுவுல பிளேன் வந்து போறதுக்குள்ள எதுக்குச் சண்டை போட்டோம்னே மறந்துடும். அந்த பிளேன்காரங்களுக்கு நான் ரொம்பக் கடமைப்பட்டிருக்கேன்.

விழுப்புரம் விஷயம் மட்டும் எத்தனை பிளேன் வந்தும் மறக்கல. அதைச் சொல்லாம இந்தக் கதவைப் பத்திச் சொல்ல முடியாது, கேளுங்க. எங்க பொண்ணு பூங்கோதை பொறக்கறதுக்கு முன்னாடி நடந்தது. திருச்சியில சித்தப்பா பொண்ணு கல்யாணம் முடிச்சுட்டு பஸ்ல திரும்பறோம். விழுப்புரத்துல வண்டி நின்னுச்சு. பாத்ரூம் போயிட்டு வந்துடறேன்னு இவர்கிட்ட சொல்லிட்டு எறங்கினேன். இவர் பக்கத்து சீட்டுக்காரரோட பஞ்சப்படி உயருமா உயராதான்னு பேசிட்டிருக்கார். இவர் மின்வாரியம், அவர் ஏதோ சர்வே ஆபீஸ். நான் திரும்பி வந்து பாக்கறேன், வண்டி இல்ல. கையில பர்ஸ்கூட இல்லம்மா. பட்டுப் புடவையும் தலையில வாடிப்போன கனகாம்பரமுமா அந்த பஸ் ஸ்டாண்டுல நிக்கறேன். டீக்கடைக்காரர் பாவப்பட்டு ஸ்டூல் போட்டுக் குடுத்தார்.

இவருக்கு எப்பத் தெரிஞ்சுது தெரியுமா? மேல்மருவத்தூர்ல. அதுவும் எப்படி? பசி எடுத்து, “புளிசாதத்தை எடு”ன்னு திரும்பினாராம். புளிசாதம் இருக்கு, நான் இல்ல.

சாயங்காலம் வந்து சேர்ந்தார். சட்டையெல்லாம் அழுக்கு. நான் ஸ்டூலை விட்டு எழுந்து நிக்கறேன். என்கிட்ட வந்து மூச்சு வாங்கிட்டு இவர் சொன்ன மொத வார்த்தை என்ன தெரியுமா? “வீட்டுச் சாவி உங்கிட்டதானே இருக்கு?”

ஆமாம்மா. சிரிக்காதீங்க. சாவி என் இடுப்புலதான் சொருகியிருந்துச்சு. “என்னைத் தேடி வந்தீங்களா, சாவியைத் தேடி வந்தீங்களா?”ன்னு கேட்டேன். “எறங்கும்போது சொல்லிட்டு எறங்கக் கூடாதா?”ங்கறார். சொல்லிட்டுத்தாம்மா எறங்கினேன்!

தங்கமான மனுஷன்தான். தெய்வசிகாமணின்னு பேரு. குடி கிடையாது, சீட்டாட்டம் கிடையாது, அடுத்த வீட்டை எட்டிப் பாக்கறது கிடையாது. தப்பு என்னோடதுன்னு ஒரு வார்த்தை மட்டும் அவர் வாயில வராது. கால்ல இடிச்சுக்கிட்டாக்கூட நாற்காலியைத்தான் திட்டுவார்.

சரி, கதவுக்கு வரேன். பூங்கோதை ஜெர்மனியில இருக்கா. பேரன் பொறந்தப்ப ரெண்டு பேரும் போயிருந்தோம். நான் பேரனைப் பாத்துக்கிட்டேன். இவர் ஜன்னலைப் பாத்துக்கிட்டார். அங்க எல்லா வீட்லயும் ரெட்டைக் கண்ணாடி ஜன்னல்தான். கைப்பிடியைப் படுக்க வெச்சா கதவு மாதிரி தொறக்குது, மேல பாத்துத் திருப்பினா தலையை மட்டும் உள்ள சாய்க்குது. வெளிய டிராம் போகுது, உள்ள ஒரு சத்தம் வரல. “அமிர்தம், ரெண்டு கண்ணாடிக்கு நடுவுல காத்தைப் பூட்டி வெச்சிருக்கான் பாரு”ன்னு என் கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போய்க் காட்டினார். என் கையைப் பிடிச்சு அவ்வளவு நாளாச்சும்மா, ஜன்னலுக்காவது பிடிச்சாரேன்னு நானும் போனேன். பேரனோட என்னை நிக்க வெச்சு ஒரு போட்டோ எடுத்தார். போட்டோவுல ஜன்னல் நாலு மூலையும் தெரியுது, எனக்குத் தலை இல்ல.

ஊருக்கு வந்ததும் பல்லாவரத்துல டைட்டஸ்னு ஒருத்தரைப் பிடிச்சார். ஜன்னல் வேலை பாக்கறவர். நல்ல பேச்சு, நல்ல சென்ட்டு. என்ன கேட்டாலும் ஒரே பதில்தான். “ஏம்ப்பா, கதவு இவ்வளவு கனமா இருக்கே?” “அது ரெட்டைக் கண்ணாடியோட சுபாவம் மேடம்.” “மூலையில காத்து வருதே?” “அது காத்தோட சுபாவம் சார்.” அவர்தான் இந்த ஹால் ஜன்னல், பால்கனிக் கதவு, கீழ் போர்ஷன் ஜன்னல் எல்லாத்தையும் மாட்டிக் குடுத்தார்.

மாட்டி முடிச்சுக் கதவைச் சாத்தினோம் பாருங்க, எனக்குக் காது அடைச்சுப் போச்சோன்னு நெனச்சேன். பிளேன் அந்தப் பக்கம் தொட்டியில மீன் போற மாதிரி போகுது. சத்தமே இல்ல. இவர் கண்ணுல தண்ணி. பேரன் பொறந்தப்ப வராத தண்ணி.

நல்லாத்தானே இருக்குன்னுதான் இருந்தேன். அடுத்த வாரம்தான் எனக்கு இவரோட சத்தம் கேக்க ஆரம்பிச்சுது. அப்பளம் சாப்பிட்டா கேக்குது. முழங்கால் மடக்கினா கேக்குது. பேப்பர் படிக்கும்போது மூக்கால ஒரு ராகம் இழுப்பார், கல்யாணம் ஆன நாள்லேர்ந்து அதை இழுத்துட்டிருக்காராம், எனக்கு அப்பத்தான் தெரியும். நான் வேலை செய்யும்போது தனியாப் பேசிக்கறேன்னு அவர் சொன்னார். அதுவும் அவரைப் பத்தித்தான் பேசறேனாம்! சண்டை வந்தா நடுவுல நிறுத்த ஆள் இல்ல. காலையில காபியில ஆரம்பிச்சா மத்தியானம் ரசம் வரைக்கும் போகும். வேற வழியில்லாம, பெருசா சண்டை வர்ற மாதிரி இருந்தா ரெண்டு பேரும் மொட்டை மாடிக்குப் போயிடுவோம். அங்கதான் பிளேன் உண்டு.

அதுக்கு மேல அந்த ஜன்னல் பராமரிப்பு. நீங்களும் குடி வந்தா செய்யணும், அதனால சொல்றேன். ஓரத்துல கறுப்பு ரப்பர் இருக்கு பாருங்க, அதை ஈரத்துணியால துடைக்கணும். கீல்ல எண்ணெய் விடணும். தேங்காய் எண்ணெய் கூடாது, என் தையல் மெஷின் எண்ணெய்தான். அடிச்சட்டத்துல மழைத்தண்ணி வெளிய போறதுக்குச் சின்ன ஓட்டைங்க இருக்கு. தூசி அடைச்சுக்கும், ஈர்க்குச்சி விட்டு எடுக்கணும். இவர் தினமும் அதுக்கு முன்னால மண்டி போட்டு உக்காந்து ஈர்க்குச்சியை விட்டு எடுப்பார். காது குடையற மாதிரி அவ்வளவு பக்குவமா. என் முழங்கால் வலிக்கு ஒரு நாள் தைலம் தேச்சு விட்டதில்லம்மா, அந்தக் கதவுக் கீலுக்கு எண்ணெய் விட்டு, தொறந்து தொறந்து மூடி, “இப்ப வலி இல்ல”ங்கறார். கதவுக்கு!

மழைக்காலம் முடிஞ்சதும் பால்கனிக் கதவுல வெள்ளையா மூட்டம் போட்டுச்சு. இவர் உள்ள துடைச்சார், போகல. வெளிய போய்த் துடைச்சார், போகல. மறுபடி உள்ள, மறுபடி வெளிய. நான் அடுப்படியிலேர்ந்து பாத்துட்டே இருக்கேன், மனுஷன் ரெண்டு பக்கமும் ஓடறார். அப்புறம்தான் புரிஞ்சுது, மூட்டம் ரெண்டு கண்ணாடிக்கும் நடுவுல. கண்ணாடி ஓரத்துல ஒட்டின பசை எங்கேயோ விட்டுப்போய், ஈரக்காத்து உள்ள போயிடுச்சு. டைட்டஸ் வந்து பாத்தார். கண்ணாடியை ஜோடியா கழட்டிட்டு புதுசு போடணும்னார். எப்பப்பான்னு கேட்டா, “சொல்லியிருக்கேன் சார்.” யார்கிட்ட சொன்னாரோ. பங்குனி வந்துடுச்சு, கண்ணாடி வரல. நடுவுல ஃபோன் பண்ணினா, முடி காய வெக்கற மெஷினைக் காட்டிப் பாருங்கன்னார். இவர் பூங்கோதையோட பழைய மெஷினை எடுத்து, கதவுக்கு முன்னால நாற்காலி போட்டு உக்காந்து, அதுக்குத் தலை துவட்டிட்டு இருந்தார். பகல் பூரா.

போகல. அப்புறம் ஒரு நாள் காலையில, என்னைக் கூப்பிட்டு நிக்க வெச்சு, “உன் இட்லி ஆவிதான் இதுக்குள்ள போயிருக்கு”ன்னார்.

எனக்குக் கோவம் வருமா வராதா? “எல்லாத்துக்கும் நான்தான் காரணம். விழுப்புரத்துல பஸ் கெளம்பினதுக்கும் நான்தான் காரணம்”னேன்.

“அதை நீ இன்னும் விடலையா?”ன்னார்.

“ஒரு தடவை வாயைத் தொறந்து என்னை மன்னிச்சுக்கோன்னு சொல்லியிருந்தா எப்பவோ விட்டிருப்பேன்.”

அதுக்கு அவர் பசையைத் தேடப் போயிட்டார். துப்பாக்கி மாதிரி ஒண்ணு வாங்கி வெச்சிருந்தார், அமுக்கினா பசை வரும். ஏதோ வீடியோவுல பாத்தாராம், வெளிப்பக்கம் சுத்திப் பசை விட்டு அடைச்சுட்டா ஈரம் போகாதாம். ஹால் ஜன்னலுக்கு முந்தின நாளே விட்டு முடிச்சிருந்தார், அதைத் தொறக்கக் கூடாதுன்னு உத்தரவு. இப்ப கதவு. வெறுங்காலோட பால்கனிக்குப் போனார். போனவர் தலையை நீட்டி, “அமிர்தம், நான் இழுத்துச் சாத்தறேன், நீ உள்ளேர்ந்து கைப்பிடியைக் கீழ அழுத்திப் பூட்டு. அப்பத்தான் ரப்பர் நல்லா அமுங்கும். பசை காயற வரைக்கும் தொறக்காத. யார் சொன்னாலும் தொறக்காத. நானே சொன்னாலும் தொறக்காத”ன்னார்.

நான் பூட்டினேன்.

பாத்தீங்களா? என்னை விழுப்புரத்துல மறந்தவர், அன்னிக்குத் தன்னையே பால்கனியில மறந்துட்டார்! வெளியிலேர்ந்து அந்தக் கதவுக்குக் கைப்பிடியே கிடையாது. ஆனா அது எனக்கு அப்பத் தோணல. கோவத்துல இருந்தேன். அடுப்படிக்குப் போய் குழம்பு கொதிக்க வெச்சுட்டு, அப்பளம் பொரிச்சுட்டு ஹாலுக்கு வரேன்.

இவர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கையெடுத்துக் கும்பிட்டுட்டு நிக்கறார்.

எனக்கு ஒடம்பெல்லாம் சிலிர்த்துப் போச்சும்மா. மூட்டம் போட்ட கண்ணாடி, முகம் சரியாத் தெரியல, ஆனா கும்பிடறது தெரியுது. நம்ப முடியாம கிட்டப் போய்ப் பாத்தேன். கும்பிட்ட கையைப் பிரிச்சு, என்னைக் காட்டினார். தன்னைக் காட்டினார். அப்புறம் கையை மடக்கி இப்படித் திருகினார் பாருங்க, மணிக்கட்டைத் திருப்பித் திருப்பி. சாவி! சாவியைச் சொல்றார்! சாவியைக் கேட்டது தப்புதான்னு சொல்றார்! இல்லன்னா எதுக்கும்மா கையைத் திருகணும்?

புஷ்பராணி டீச்சர் என்ன சொல்வாங்கன்னா, கைப்பிடியைத் திருகித் தொறன்னு ஜாடை காட்டினாராம். அவங்க எதிர் வீட்லேர்ந்து முதுகைப் பாத்தவங்க. நான் முகத்தைப் பாத்தவ.

முகத்தைத் துடைச்சுக்கிட்டார். வேர்வைங்கறாங்க. வேர்வை கண்ணுக்குக் கீழ மட்டுமா வரும்? கொஞ்ச நேரத்துல ஒரு காலை மாத்தி ஒரு காலைத் தூக்க ஆரம்பிச்சார். அப்புறம் உக்காந்தார். எழுந்தார். மறுபடி உக்காந்தார், எழுந்தார். தோப்புக்கரணம்! இந்த வயசுல, அந்த முழங்காலை வெச்சுக்கிட்டு! தண்ணி போற ஓட்டைக்கு நேரா வாயை வெச்சு உள்ள கூப்பிட்டுப் பாத்தேன்னு அப்புறம் ஏதோ காரணம் சொன்னார். அந்த ஓட்டையெல்லாம் அவர்தானே பசை விட்டு அடைச்சிருந்தார், அதுல எப்படிக் குரல் வரும்னு நெனப்பார்? யோசிச்சுப் பாருங்க.

எனக்கு அழுகை வந்துடுச்சு. டிவி நாற்காலியை இழுத்துக் கதவுக்கு முன்னால போட்டு உக்காந்தேன். உக்காந்து பேச ஆரம்பிச்சேன். எல்லாத்தையும் சொன்னேம்மா. அந்த டீக்கடையில ஒவ்வொரு பஸ் வரும்போதும் எழுந்து எழுந்து உக்காந்தது. பக்கத்துல ஒருத்தன் வந்து “எந்த ஊரு போணும்”னு ரெண்டு தடவை கேட்டது. அப்ப வயித்துல ஒரு புள்ள இருந்துச்சு, அதை அவர்கிட்ட இன்னும் சொல்லியிருக்கல. ஊருக்குப் போய்ச் சொல்லலாம்னு வெச்சிருந்தேன். அப்புறம் அது நிக்கல. அதுக்கும் அந்த பஸ் ஸ்டாண்டுக்கும் சம்பந்தம் இல்லன்னு டாக்டரம்மா சொன்னாங்க. இல்லதான். இருந்தாலும் சொல்லணும்ல? சொன்னேன். வாழ்க்கையில மொத தடவையா நான் பேசப் பேச அவர் குறுக்க ஒரு வார்த்தை பேசல. வாயை மட்டும் தொறந்து தொறந்து மூடினார். அவ்வளவு பொறுமையா ஒரு ஆம்பளை கேட்டு நான் பாத்ததில்ல.

நடுவுல ஃபோன் வந்துச்சு. புஷ்பராணி டீச்சர். “அமிர்தம்மா, சார் வெயில்ல நிக்கறாரே, கதவைத் தொறக்கச் சொல்றார்”ங்கறாங்க.

“அவர் என்கிட்ட மன்னிப்பு கேட்டுட்டு இருக்கார் டீச்சர். கொஞ்சம் தொந்தரவு பண்ணாதீங்க”ன்னேன்.

“இல்லம்மா, கதவைத் தொறன்னு கத்தறார்.”

“உங்ககிட்ட வேற என்ன சொல்வார்? பொண்டாட்டிகிட்ட மன்னிப்பு கேக்கறேன்னு தெருவுக்குச் சொல்வாரா? வெக்கப்படறார். நீங்க உள்ள போங்க.”

வெச்சுட்டேன். ஆனா தெருவுல கூட்டம் சேர்ந்துடுச்சு. ஏகாம்பரம் அயர்ன் பொட்டியைப் போட்டுட்டு வந்து நிக்கறார். யாரோ ஏணி கொண்டு வந்தாங்க, எட்டல. இவர் எல்லாரையும் பாத்து கையை ஆட்டறார். நான் பேச வேண்டியதைப் பேசி முடிச்சேன். எழுந்து, கண்ணைத் துடைச்சுட்டு, ஆசீர்வாதம் பண்ற மாதிரி கையைத் தூக்கி, “போதும், எழுந்திருங்க. நான் மன்னிச்சுட்டேன்”னேன். நல்லா வாயைத் தொறந்து, அவருக்குப் புரியற மாதிரி. அவர் ரெண்டு கையாலயும் தலையில அடிச்சுக்கிட்டார். பாவம், அவ்வளவு பச்சாதாபம்.

சரின்னு கதவைத் தொறக்கலாம்னு கைப்பிடியைத் திருப்பினேன். கைப்பிடி என் கையோட வந்துடுச்சு.

கீலோட சேத்துக் கைப்பிடிக்கும் தினமும் எண்ணெய் விட்டா திருகாணி எப்படி நிக்கும்? கதவுல ஒரு சதுர ஓட்டைதான் இருக்கு. கைப்பிடியைத் தூக்கி அவருக்குக் காட்டினேன். அவர் பாத்தார். அப்படியே சுவத்தோட சாஞ்சு உக்காந்துட்டார்.

அப்பத்தான் எனக்குப் பதட்டம் வந்துச்சு. டைட்டஸுக்கு ஃபோன் பண்ணினேன். “அது கைப்பிடியோட சுபாவம் மேடம், வரேன்”னார். வர்ற வரைக்கும் மனுஷன் தாங்கணுமே. ஹால் ஜன்னலை இழுத்தேன், பசை காஞ்சு கல்லு மாதிரி பிடிச்சிருக்கு. அவ்வளவு நல்லா வேலை செஞ்சிருக்கார். புஷ்பராணி டீச்சர் ஓடி வந்தாங்க. மொட்டை மாடிக்குப் போய், சொம்புல மோர் ஊத்தி, கயித்துல கட்டி இறக்கினோம். அது ஆடி ஆடிப் பாதி அவர் தலையில கொட்டிடுச்சு. மீதியைக் குடிச்சார். டீச்சர் மேலேர்ந்து குடையை விரிச்சுப் போட்டாங்க, அது தெருவுக்குப் போயிடுச்சு. ஏகாம்பரம் எடுத்துப் பிடிச்சுட்டு நின்னார்.

மேலேர்ந்து நான் குனிஞ்சு, “ஏங்க, நீங்க கேட்டதெல்லாம் எனக்குப் புரிஞ்சுடுச்சு”ன்னு சொன்னேன். அண்ணாந்து என்னைப் பாத்தார். மோர் வழிஞ்சுட்டிருக்கு. என்ன பார்வைங்கறீங்க! வார்த்தை வரல அவருக்கு.

டைட்டஸ் வந்தார். ஓட்டையில ஸ்க்ரூடிரைவரை விட்டுப் பாத்தார், இடுக்கியை விட்டுப் பாத்தார். பூட்டுக்குள்ளயும் பசை போயிடுச்சாம். “மேடம், கண்ணாடியை உடைச்சாகணும். எப்படியும் மாத்த வேண்டிய கண்ணாடிதானே”ன்னார். இவரை ஜாடை காட்டி ஓரமா ஒதுங்கச் சொன்னோம். ஓங்கி ஒரு அடி. உள்கண்ணாடி கல்கண்டு மாதிரி பொலபொலன்னு கொட்டுச்சு. அந்த மூட்டம் பாதி போயிடுச்சு, மனுஷன் முகம் தெளிவாத் தெரிஞ்சுது. பழுத்த தக்காளி மாதிரி இருந்தார். இன்னொரு அடி. வெளிக்கண்ணாடியும் போச்சு.

அவ்வளவுதான், வெயில் உள்ள வந்துச்சு, தெரு உள்ள வந்துச்சு. தலைக்கு மேல அப்பன்னு பாத்து ஒரு பிளேன். அவர் என் கண்ணுக்கு நேராப் பாத்து என்னமோ சொன்னார். நீளமாச் சொன்னார். கையை ஆட்டி ஆட்டிச் சொன்னார். எனக்கு ஒரு எழுத்து கேக்கல. ஆனா தெரியாதா? “பரவாயில்லைங்க, விடுங்க”ன்னேன். பிளேன் போறதுக்குள்ள அவரும் முடிச்சுட்டார்.

பக்கத்துல நின்ன டைட்டஸ் அப்புறம் படியிறங்கும்போது மெதுவாச் சொன்னார், “மேடம், சார் சொன்னது எனக்குக் கேட்டுச்சு.”

“என்னப்பா சொன்னார்?”

“வேண்டாம் மேடம். நான் சர்ச்சுக்குப் போறவன்.”

இதுல சர்ச் எங்க வந்துச்சுன்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் புரியல.

அப்புறம் இவருக்கு முதுகெல்லாம் தோல் உரிஞ்சுது. சந்தனம் பூசி, இளநி குடுத்து, ஃபேனுக்கு அடியில படுக்க வெச்சுப் பாத்துக்கிட்டேன். பேசவே இல்ல. அவ்வளவு பெரிய மன்னிப்பு கேட்டுட்டு ஒரு ஆம்பளையால ஒடனே முகத்தைப் பாக்க முடியுமா? நானும் விட்டுட்டேன். ஆனா தெருவுல பேர் பரவிடுச்சு. ஏகாம்பரம் சம்சாரம் வந்து பால்கனியைப் பாத்துட்டுப் போனா. அடுத்த தெருவுலேர்ந்து ரெண்டு பொம்பளைங்க வந்தாங்க. இதே மாதிரி கதவு, வெளிய கைப்பிடி இல்லாம, அவங்க வீட்டுக்கும் போட்டுத் தருவாரான்னு டைட்டஸ் நம்பர் வாங்கிட்டுப் போனாங்க. அவருக்கு இப்ப நல்ல வேலை. எங்களுக்குப் புதுக்கண்ணாடி ஒடனே கொண்டு வந்து போட்டார்.

போன வாரம்தான் ஒரு நாள், நான் இங்க தரையில உக்காந்து முளைக்கீரை ஆய்ஞ்சிட்டு இருக்கேன். இவர் டிவியை அணைச்சுட்டு வந்து எதிர்ல உக்காந்தார். முழங்கால் மடக்கித் தரையில உக்காந்து எவ்வளவு காலமாச்சு.

“அன்னிக்கு உள்ள உக்காந்து நீ என்ன சொன்ன?”ன்னு கேட்டார்.

“எல்லாத்தையும்தான் சொன்னேன்.”

“எனக்கு ஒண்ணும் கேக்கல அமிர்தம்.”

“கேக்காமலா அப்படிக் கும்பிட்டீங்க?”

முழங்காலைத் தடவிக்கிட்டார். அப்புறம், “நீ அழுதது தெரிஞ்சுது”ன்னார். “எதுக்கு அழறேன்னு தெரியல. நான் அங்க நின்னு கத்தறேன், நீ அழுதுட்டே பேசற. நானும் கத்தறதை நிறுத்திட்டேன், அது உனக்குத் தெரியுமா? கால் சுட்டுச்சு. இருந்தாலும் நிறுத்திட்டேன்.”

நான் கீரையை ஆய்ஞ்சிட்டே இருந்தேன்.

“விழுப்புரமா?”ன்னார்.

நான் தலையாட்டினேன்.

“அமிர்தம், அன்னிக்கு மேல்மருவத்தூர்ல நான் எறங்கினது ஓடற வண்டியிலேர்ந்து. எதிர்ப்பக்கம் போற பஸ் ஒண்ணும் நிக்கல. ரோட்டுல ஓடினேன். ஒரு லாரியை மறிச்சு, அந்த ஆள் காலைப் பிடிச்சு...”

நான் நடுவுல நிறுத்திட்டேன். “அதெல்லாம் இப்ப எதுக்குங்க? லாரி கதையெல்லாம் வேண்டாம். நீங்கதான் அன்னிக்கே அழகா கேட்டு முடிச்சுட்டீங்களே. நானும் மன்னிச்சாச்சு. அதை மறுபடி வாயால சொல்லிக் கெடுக்காதீங்க”ன்னேன்.

“இல்ல, நான் சொல்லியே ஆகணும்.”

“வேண்டாங்க.”

அவர் கொஞ்ச நேரம் என்னையே பாத்தார். அப்புறம் ஒரு பிடி கீரையை எடுத்து ஆய ஆரம்பிச்சார். வாழ்க்கையில ஒரு நாளும் கீரை ஆய்ஞ்ச மனுஷன் இல்லம்மா. இலை ஒரு பக்கம், தண்டு ஒரு பக்கம் போடணும்னுகூடத் தெரியல. எல்லாத்தையும் ஒண்ணாவே போட்டுட்டு, நடுவுல நடுவுல நிறுத்தி என் முகத்தைப் பாத்துட்டு இருந்தார். நான் தலையை நிமிர்த்தவே இல்ல. கொஞ்சம் எடம் குடுத்தாப் போதும், மறுபடி ஆரம்பிச்சுடுவார்.